ஆறு சிஎன்சி வைத்திருக்கும் பட்டறைக்கு ஈஆர்பி வாங்கலாமா?

கேள்வி: 8 ஜூலை 2024

கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன், பார்ட்டி (வாடிக்கையாளர்) அனுப்பும் பொருளைக் கூலிக்குக் கடைந்து கொடுப்பது. ஆறு சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்), இரண்டு விஎம்சி (கம்ப்யூட்டரில் ஓடும், செதுக்கித் துளையிடும் மெஷின்), இரண்டு ஷிப்டுக்கும் சேர்த்துப் பதினெட்டுப் பேர். பெரிய பார்ட்டி ஒருவர் "இனி எல்லாம் டிஜிட்டல், நீங்களும் மாறணும்" என்கிறார். ஈஆர்பி (ஆர்டர், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் சாஃப்ட்வேர்) போட சாஃப்ட்வேர்காரர் நாலரை லட்சம் கேட்கிறார். எல்லா மெஷினையும் இணைத்து ஓஈஈ-யை (மெஷின் எவ்வளவு நன்றாகப் பயன்படுகிறது என்ற சதவீதம்) 45-லிருந்து 85-க்குக் கொண்டுவந்துவிடலாமாம். வாங்கலாமா? வாங்கி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்.

பதில்: 8 ஜூலை 2024, இரவு

இப்போது வாங்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

சின்னவேடம்பட்டியில் எனக்கு ஒன்பது மெஷின். 2019-ல் மூன்று லட்சத்து இருபதாயிரம் கொடுத்து ஒரு ஈஆர்பி போட்டேன். சாஃப்ட்வேர் மேல் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. அதற்குத் தீனி போட எங்களிடம் ஆள் இல்லை. ஒரு ஜாப்பை உள்ளே ஏற்ற ரூட் கார்டு, பிராசஸ் ஷீட், சைக்கிள் டைம் (ஒரு பீஸுக்கு ஆகும் நேரம்), டூல் லிஸ்ட் என்று வரிசையாகக் கேட்கும். ஆபரேட்டர்கள் வழக்கம்போல அட்டையில் எழுதினார்கள். சாயங்காலம் ஒரு பையன் உட்கார்ந்து அத்தனையையும் டைப் அடித்தான். ஆக, நேற்றுக் காலையில் நடந்தது இன்றைக்குக் காலையில் கம்ப்யூட்டரில் அழகான கலரில் தெரியும். அதை வைத்து நான் என்ன செய்ய முடியும்? ஏழாவது மாதம் பையனுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது, எல்லாம் நின்றுபோனது. வருடப் பராமரிப்புத் தொகையை மட்டும் அதற்கப்புறமும் ஒரு வருடம் கட்டினேன்.

முதலில் உங்கள் பட்டறையில் காசு எங்கே ஒழுகுகிறது என்று ஒரு மாதம் பாருங்கள். எங்களுக்கு மெஷினில் ஒழுகவில்லை, டிசி-யில் (சரக்கோடு வரும் டெலிவரி சலான்) ஒழுகியது. நாளை விளக்கமாக எழுதுகிறேன்.

9 ஜூலை 2024

டிசி விஷயம். ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பார்ட்டி 500 காஸ்டிங் (வார்ப்பு) அனுப்புகிறார், டெலிவரி சலான் 500-க்கு. இறக்கும்போது யாரும் எண்ணுவதில்லை, டெம்போக்காரர் அவசரப்படுவார். திரும்பப் போவது 478. மீதி 22-ல் சிலவற்றில் கடைந்த பிறகுதான் புளோ ஹோல் (வார்ப்புக்குள் காற்று தங்கிய ஓட்டை) தெரிந்திருக்கும். சிலது நம் ஆள் ஆஃப்செட் (டூல் நிற்க வேண்டிய இடத்தின் அளவு) தப்பாகக் கொடுத்துக் கெடுத்தது. இரண்டு மூன்று வரவே இல்லை. காஸ்டிங் ரிஜக்ஷனா மெஷினிங் ரிஜக்ஷனா என்ற சண்டை மாதக் கடைசியில்தான் ஆரம்பிக்கும். அதற்குள் அந்தப் பீஸே ஸ்கிராப்புக்குப் போயிருக்கும். நிரூபிக்க முடியாததெல்லாம் மெஷினிங் ரிஜக்ஷன் ஆகிவிடும், டெபிட் நோட் (நம் பணத்தில் கழிக்கும் சீட்டு) வரும். காஸ்டிங் ஒன்று 180 ரூபாய் என்றால் மாதம் அறுபது பீஸுக்கு 10,800 ரூபாய். நான் கடைந்து சம்பாதித்த கூலியிலிருந்து போகிறது.

2021-ல் இதற்கு என்ன செய்தோம் என்றால், லோடு இறங்கியதும் எண்ணி, டிசி-யைப் பீஸ்களின் மேல் வைத்து ஒரு போட்டோ. ரிஜக்ஷன் விழுந்தால் பீஸின் மேல் டிசி நம்பரைப் பெயின்ட் மார்க்கரில் எழுதி, புளோ ஹோல் தெரியும்படி இன்னொரு போட்டோ. எல்லாம் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் விழும். பார்ட்டியின் குவாலிட்டி ஆளும் அந்தக் குரூப்பில் இருக்கிறார். ஒரு கூகுள் ஷீட்டில் ஐந்தே நெடுவரிசை: டிசி நம்பர், வந்தது, போனது, ரிஜக்ஷன் வகை, பாக்கி. செலவு என்று பார்த்தால் மார்க்கர் பேனாதான். மூன்றாவது மாதத்தில் டெபிட் நோட் கால்வாசி ஆகிவிட்டது.

இன்னொரு பலனும் உண்டு. ஜிஎஸ்டியில் ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் விற்றதாகவே கணக்கு. இந்தக் கணக்கைக் காட்டும் ஐடிசி-04 படிவம் பார்ட்டி தாக்கல் செய்வதுதான். ஆனால் பாக்கி ஒத்துப்போகவில்லை என்றால் போன் நமக்குத்தான் வரும். முன்பெல்லாம் அந்தப் போன் வந்தால் இரண்டு நாள் பழைய டிசி புக்கைப் புரட்டுவேன். இப்போது போனைக் கையில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

எண்ணுவதற்கு நேரமில்லை என்றால் கவுண்டிங் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பீஸை வைத்து எடை பழக்கிவிட்டால் மொத்தத்தையும் அதுவே எண்ணிவிடும்.

11 ஜூலை 2024

தராசு பற்றி எழுதியதைத் திருத்துகிறேன். பட்டறைக்குப் போய் நானே மறுபடி சோதித்துப் பார்த்தேன். பார் ராடில் கடைந்த பீஸுக்குச் சரியாக வருகிறது. சாண்ட் காஸ்டிங்குக்கு (மணல் அச்சில் வார்த்தது) வராது, ஒன்றுக்கொன்று எடை வித்தியாசம் அதிகம். 200 பீஸ் எண்ணியதில் நான்கு கூடுதலாகக் காட்டியது. காஸ்டிங்கை ட்ரேயில் 5 × 4 அடுக்கிக் கையாலேயே எண்ணுங்கள்.

16 ஜூலை 2024

சாஃப்ட்வேர்காரர் 85 என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றிக் கொஞ்சம்.

ஓஈஈ என்பது மூன்று எண்களின் பெருக்கல். மெஷின் ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடியபோது சரியான வேகத்தில் ஓடியதா, வந்த பீஸ்களில் எத்தனை நல்லவை. 85 என்ற இலக்கு ஜப்பானில் டிபிஎம் என்ற மெஷின் பராமரிப்பு முறையை வளர்த்த சேய்ச்சி நகாஜிமா காலத்திலிருந்து வருகிறது. 90, 95, 99.9 சதவீதங்களைப் பெருக்கினால் ஏறக்குறைய 85 வரும். ஒரே பாகத்தை மாதக்கணக்கில் ஓட்டும் தொழிற்சாலைக்கு அது பொருந்தும். நம்மைப் போல ஒரு நாளைக்கு மூன்று செட்டிங் (அடுத்த ஜாப்புக்கு மெஷினைத் தயார் செய்வது) மாற்றும் பட்டறையில் செட்டிங்குக்கே மூன்று மணி நேரம் போய்விடும். முதல் எண்ணே 90-ஐத் தொடாது. அதற்காக 60-ஐ வைத்துக்கொண்டு வெட்கப்பட வேண்டியதில்லை. சென்ற மாதம் 52, இந்த மாதம் 56 என்றால் அந்த நான்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும். பக்கத்துப் பட்டறையின் எண்ணோடு ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள். நேரத்தை அவர் எப்படிக் கணக்கிடுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

2 ஆகஸ்ட் 2024

கேள்வி கேட்டவருக்கு ஒரு அவசரக் குறிப்பு. எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இந்த வாரமே இதைச் செய்யுங்கள்: ஒவ்வொரு மெஷினிலும் உள்ள புரோகிராமையும் பாராமீட்டரையும் (மெஷினின் அமைப்பு எண்கள்) காப்பி எடுத்து வையுங்கள்.

ஃபேனக் கம்பெனியின் கண்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) இவை இருக்கும் மெமரியைச் சின்ன பேட்டரி ஒன்றுதான் தாங்குகிறது. திரையில் பிஏடி என்று மின்னினால் நம் ஆட்கள் "அது ரொம்ப நாளா மின்னுதுங்க" என்பார்கள். தீபாவளிக்கு நான்கு நாள் மெயின் ஆஃப் செய்துவிட்டுத் திரும்பி வந்தால் மெஷினுக்குத் தன் பெயரே தெரியாது. எங்களுக்கு 2017-ல் நடந்தது. சர்வீஸ் ஆள் வந்து பாராமீட்டர் ஏற்றி மெஷினை எழுப்ப ஆறு நாள் ஆனது. புரோகிராம்கள் போனது போனதுதான். பதினோரு வருடமாகச் செட்டர் (மெஷினைத் தயார் செய்யும் ஆள்) கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வைத்திருந்த ஃபீட், ஸ்பீடு எல்லாம் அதோடு போயிற்று.

பேட்டரியை மாற்றும்போது மெஷின் பவர் ஆனில் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுக் கழற்றினால் நீங்களே அழித்த மாதிரி. காப்பி எடுக்கத் திரைக்குப் பக்கத்திலேயே கார்டு சொருகும் இடம் இருக்கும், பழைய கண்ட்ரோல் என்றால் ஆர்எஸ்-232 கேபிள். என் கணக்கில் ஒரு சிறு பட்டறைக்கு முதல் டிஜிட்டல் வேலை இதுதான்.

19 ஆகஸ்ட் 2024

மெஷின் நிற்கும் நேரத்தை எப்படிப் பதிவு செய்கிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார்.

2022-ல் ஒவ்வொரு இரண்டு மெஷினுக்கும் நடுவில் ஒரு பழைய டேப்லெட் மாட்டினோம். மெஷின் நின்றால் காரணத்தைத் தொட வேண்டும். படம் போட்ட எட்டுப் பொத்தான்: செட்டிங், டூல் உடைந்தது, மெட்டீரியல் இல்லை, இன்ஸ்பெக்ஷன், ரிப்பேர், கரண்ட் இல்லை, ஆள் இல்லை, மற்றவை. எங்கள் ஆபரேட்டர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாப் பையன்கள், அதனால் எழுத்தோடு படமும். முதல் மாதம் "மற்றவை" பாதிக்கு மேல் வந்தது. அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் "கரண்ட் இல்லை" எக்கச்சக்கமாக ஏறியது.

எனக்குச் சந்தேகம். மெயின் போர்டில் ஆர்எஸ்-485 (கம்ப்யூட்டரோடு இணைக்கும் வசதி) உள்ள எனர்ஜி மீட்டர் ஒன்று மாட்டியிருந்தோம், அதன் பதிவை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் கரண்ட் போனது மொத்தமே மூன்று மணி நேரம். டேப்லெட் கணக்கில் முப்பத்தொன்று.

சத்தம் போடாமல் ஒரு பையனைக் கேட்டேன். நம் ஊர்ப் பையன்தான், அன்னூர்ப் பக்கம். "கரண்ட் போச்சுன்னு போட்டா நீங்க ஒன்னும் கேக்கமாட்டீங்கண்ணா. டூல் ஒடஞ்சுதுன்னு போட்டா ஏன் ஒடச்சேன்னு கேப்பீங்க" என்றான்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது அத்தனையும் உண்மை. காலையில் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு ஷாப் ஃப்ளோருக்குப் போய் நான் முதலில் கேட்கும் கேள்வியே "யார் ஒடச்சது" என்பதுதான்.

20 ஆகஸ்ட் 2024, காலை

நேற்று எழுதியதன் தொடர்ச்சி. அப்புறம் என்ன செய்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஆபரேட்டர் பெயரை அந்தப் பதிவிலிருந்தே எடுத்துவிட்டேன். மெஷின் நம்பர் மட்டும். காலையில் நான் எண்களைப் பார்ப்பதையும் நிறுத்தினேன். செட்டரும் இரண்டு ஷிப்டு ஆட்களும் ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம் டீ குடித்துக்கொண்டே பார்ப்பார்கள், எனக்கு ஒரே ஒரு கோரிக்கை சொல்லலாம். முதல் வாரம் வந்த கோரிக்கை: நான்காம் மெஷினுக்கு ஒரு போரிங் பார் (உள்துளையைக் கடையும் டூல்) கூடுதலாக வேண்டும். இருப்பது ஒன்றே ஒன்று, ஆறாம் மெஷினிலிருந்து கழற்றி வந்து மாட்டுகிறார்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு மெஷினிலும் ஆஃப்செட் மறுபடி எடுக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ச் சாமான். அது இல்லாமல் எத்தனை மாதம் இரண்டு மெஷின் மாறி மாறி நின்றதோ! வாங்கிக் கொடுத்தேன். அதற்கு அடுத்த வாரம் "டூல் உடைந்தது" என்ற பொத்தானை அவர்களே தொட ஆரம்பித்தார்கள்.

பதிகிற ஆளுக்கு அந்தப் பதிவால் ஏதாவது வேலை நடக்க வேண்டும். நடக்காவிட்டால் அவன் கொடுப்பது எண் இல்லை, முதலாளியிடமிருந்து தப்பிக்கிற வழி. நாலரை லட்சம் கொடுத்தாலும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும் இதில் மாற்றமில்லை.

14 அக்டோபர் 2024

ஆயுத பூஜை நன்றாக நடந்தது. பையன்கள் எல்லா மெஷினையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். டேப்லெட்டுக்கும் யாரோ பொட்டு வைத்துவிட்டார்கள், சரியாகக் கேமரா கண் மேல். இன்றைக்குக் காலை டிசி போட்டோ எல்லாம் மஞ்சளாக வந்து, பட்டறையே சிரித்தது.

சொல்ல வந்தது வேறு. பூஜை அன்று எல்லா மெஷினும் ஆஃப், பட்டறை அமைதி. கம்ப்ரசரை மட்டும் துடைப்பதற்கு ஏர் வேண்டுமென்று ஓட விட்டிருந்தோம். துடைத்து முடித்த பிறகும் அது லோடு எடுத்து எடுத்து விட்டது. காது கொடுத்தால் நான்கைந்து இடத்தில் உஸ்ஸென்று சத்தம். மற்ற நாளில் மெஷின் இரைச்சலில் கேட்கவே கேட்காது.

கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். 24 விநாடி லோடு (காற்றை அழுத்துகிறது), 56 விநாடி அன்லோடு (சும்மா ஓடுகிறது). யாரும் ஏர் எடுக்காதபோது இப்படி என்றால் 24-ஐ 80-ஆல் வகுத்தால் கசிவு: 30 சதவீதம்! கம்ப்ரசரின் முழுத் திறனில் நூற்றுக்கு முப்பது பங்கு ஹோஸ் ஜாயின்ட்டில் போகிறது. எனர்ஜி மீட்டரின் பழைய பதிவைத் திறந்து பார்த்தால் சாப்பாட்டு நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அது தெரிந்தே இருக்கிறது. இரண்டு வருடமாக அந்தக் கோடு என் கண்ணில் பட்டும் நான் அது என்னவென்று கேட்கவில்லை. இன்றைக்குச் சோப்புத் தண்ணீர் வைத்து ஏழு இடம் கண்டுபிடித்து மாற்றியாயிற்று.

23 நவம்பர் 2024

ஒரு தம்பி தானே இஎஸ்பி32 என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வைத்து மெஷினின் பச்சை விளக்கிலிருந்து சிக்னல் எடுப்பதாக எழுதியிருக்கிறார். நல்ல வேலை, நாங்களும் இரண்டு மெஷினில் செய்திருக்கிறோம். மூன்று விஷயம் கவனியுங்கள் தம்பி. விளக்கு 24 வோல்ட், போர்டு 3.3 வோல்ட், நடுவில் ஆப்டோ கப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் பாகம்) இல்லாமல் கொடுத்தால் புகைதான். காலையில் வார்ம்-அப் ஓட்டும்போதும் பச்சைதான் எரியும், அதை உற்பத்தி என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றாவது, பீஸ் எண்ணிக்கை. மெஷினின் பார்ட் கவுண்டர் எம்30 (புரோகிராம் முடிந்தது என்ற கட்டளை) வரும்போதெல்லாம் ஒன்று கூட்டும். செட்டர் டிரை ரன் (பீஸை வெட்டாமல் ஓட்டிப் பார்ப்பது) ஓட்டினாலும் கூட்டும். ஒரே சைக்கிளில் இரண்டு பீஸ் எடுக்கும் ஜாப்பில் பாதிதான் காட்டும்.

24 நவம்பர் 2024

நேற்று விட்டுப்போனது: எந்த எம் கோடுக்கு (எம்30 மாதிரியான கட்டளை) எண்ண வேண்டும் என்பதை ஃபேனக்கில் 6710 பாராமீட்டரில் கொடுக்கலாம். எம்30-க்கும் சேர்த்து எண்ணாமலிருக்க 6700-ல் 0-ஆம் பிட்டையும் மாற்ற வேண்டும். சர்வீஸ் ஆளை வைத்துச் செய்யுங்கள். லேடரில் (மெஷினுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டு புரோகிராம்) இல்லாத எம் கோடைப் போட்டால் மெஷின் அந்த வரியிலேயே நின்றுவிடும்.

இன்னொன்றும் கேட்டார்கள், பேமென்ட் பற்றி. டிரெட்ஸ் தளத்தில் பில்லைப் போட்டால் பாங்கு முன்னதாகப் பணம் தரும், ஆனால் வாங்குகிற கம்பெனி அங்கே பில்லை ஏற்றுக்கொள்ள வேண்டும். 250 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் அதில் சேர வேண்டும் என்று இந்த மாதம் உத்தரவு வந்திருக்கிறது. சேருவது வேறு, நம் பில்லை ஏற்றுவது வேறு. இருந்தாலும் கேட்டுப் பார்க்க இப்போது ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

7 பிப்ரவரி 2025

ஆகஸ்டில் பேக்கப் பற்றி எழுதினேன். அதில் ஒரு ஓட்டை இருந்தது, போன வாரம் அது என் ஆபீஸ் வழியாகவே வந்தது.

ஒரு மெயில், பர்ச்சேஸ் ஆர்டர் மாதிரியே இருந்தது. ஆபீஸ் பெண் திறந்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, தினமும் அப்படி இருபது வருகிறது. அரை மணி நேரத்தில் கணக்கு, டிராயிங், எல்லா ஃபைலும் பூட்டிக்கொண்டது, திறக்க டாலரில் பணம் கேட்கிறது. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். பேக்கப் ஹார்டு டிஸ்க்கை எந்நேரமும் அதே கம்ப்யூட்டரில் சொருகியே வைத்திருந்தோம். அதுவும் பூட்டிக்கொண்டது.

கணக்கை ஆடிட்டரிடம் இருந்த டிசம்பர் காப்பியை வைத்து மீட்டோம். மெஷின் புரோகிராம்கள் தப்பித்தன, அவை கார்டில் பீரோவில் இருந்தன. டிசி ஷீட் கூகுளில் இருந்ததால் அதற்கும் ஒன்றுமில்லை. பணம் கட்டவில்லை. இப்போது இரண்டு டிஸ்க், வாரம் மாற்றி வாரம், சனிக்கிழமை எடுத்ததும் கழற்றி ஒன்று என் வீட்டுக்கு வந்துவிடும். ஆகஸ்ட் குறிப்பைப் படித்துக் காப்பி எடுத்தவர்கள் தயவுசெய்து டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள்.

12 ஏப்ரல் 2025

முதலில் கேள்வி கேட்ட கணபதி நண்பர் போன் செய்தார். நாலரை லட்சம் போடவில்லை. டிசி ஷீட்டும் போட்டோவும் எட்டு மாதமாக ஓடுகிறதாம். ஆனால் அவர் பார்ட்டி தன்னுடைய போர்ட்டலில் ஏஎஸ்என் (சரக்கு வருகிறது என்ற முன்னறிவிப்பு) போடச் சொல்கிறார், பார்கோடு லேபிள் ஒட்டச் சொல்கிறார். எனக்கும் இதே பாடுதான். மூன்று பார்ட்டிக்கு மூன்று போர்ட்டல், மூன்று விதமான லேபிள், பாஸ்வேர்டு மாதம் ஒருமுறை காலாவதி. இவர்கள் "டிஜிட்டல் ஆகுங்கள்" என்று சொல்வதில் பெரும்பகுதி அவர்களுடைய ஸ்டோர் குமாஸ்தா வேலையை நம் ஆபீசுக்கு மாற்றுவது. இதைக் கூச்சப்படாமல் விலையில் கேளுங்கள். பீஸுக்கு இவ்வளவு என்று லேபிள் செலவு போட்டு ஒரு பார்ட்டியிடம் நான் கேட்டேன், பேசி வாங்கினேன். மற்ற இரண்டு பேர் இன்னும் தரவில்லை.

ஒன்றை மாற்றிச் சொல்ல வேண்டும். "வாங்காதீர்கள்" என்று ஜூலையில் எழுதியது அன்றைய நிலைக்கு. நண்பருக்கு இப்போது பாக்கி இருப்பு, ரிஜக்ஷன், சைக்கிள் டைம் எல்லாம் உண்மையான எண்ணாகக் கையில் இருக்கிறது. ஷீட் இரண்டாயிரம் வரியைத் தாண்டிவிட்டது. இப்போது ஒரு சாஃப்ட்வேர் பார்க்கலாம், சின்னதாக. தன் டேட்டாவை எக்ஸெலில் முழுசாக வெளியே எடுக்க முடியுமா என்று விலை பேசும் முன்பே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

29 ஜூன் 2025

எங்கள் செட்டர் ஆகஸ்டோடு ஓய்வு பெறுகிறார். அப்பா காலத்திலிருந்து இருப்பவர், முப்பத்தொரு வருடம். சட்டைப் பையில் ஒரு குட்டி டைரி. எந்த ஜாப்புக்கு எந்த இன்செர்ட் (வெட்டும் முனை), எந்த ஜாவை (பீஸைப் பிடிக்கும் தாடை) எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவருக்கு மட்டும் புரிகிற எழுத்தில் இருக்கும். அதை டைப் அடிக்கலாம் என்றேன். "அதப் பாத்தெல்லாம் கத்துக்க முடியாதுங்க" என்றார்.

அதனால் வீடியோ எடுக்கிறோம். செட்டிங் போடும்போது ஒரு பையன் போனைப் பிடிப்பான், அவர் பேசிக்கொண்டே செய்வார். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் கிடையாது. இதுவரை நாற்பத்தொன்று ஆகியிருக்கிறது. ஒரு மெல்லிய புஷ் (குழாய் மாதிரியான வளையம்) ஜாப், சக்கில் (பீஸைப் பிடிக்கும் பகுதி) இறுக்கினால் முட்டை வடிவமாகிவிடும், எங்களுக்கு எப்போதும் தலைவலி. அதைக் காட்டும்போது "இந்த எடத்துல சத்தம் மாறும், காது குடுத்துக் கேளு" என்று நிறுத்துகிறார். போன் மைக்கில் அந்தச் சத்தம் தெளிவாகப் பதிந்திருக்கிறது. ஒடிசாப் பையன் ஒருவன் அதை ஹெட்போனில் போட்டுப் போட்டுக் கேட்டான், தமிழ் அவனுக்குப் பாதிதான் புரியும். நேற்று அந்த ஜாப்பை அவனே தனியாகச் செட் செய்தான். முதல் பீஸ் 12 மைக்ரானுக்குள் வந்தது.

3 ஜூலை 2025

வீடியோவுக்கான கியூஆர் கோடை எங்கே ஒட்டுகிறீர்கள் என்று கேட்டவருக்கு: ஸ்டிக்கர் வேண்டாம், லேமினேட் செய்தாலும் கூலன்ட் பட்டு இரண்டே வாரத்தில் உரிகிறது. அலுமினியத் தகட்டில் லேசர் மார்க்கிங் போட்டு, அந்த ஜாப்பின் ஃபிக்ஸ்சரோடு (பீஸைப் பிடித்து வைக்கும் சாதனம்) கம்பியால் கட்டிவிட்டோம். ஃபிக்ஸ்சரை ரேக்கிலிருந்து எடுத்தால் கோடும் கூடவே வரும்.